ஒரு உருண்டை எவ்வளவு? தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு அளவுச் சாப்பாடும் அளவான உழைப்பும்

"அளவாச் சாப்பிடு" என்று யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள். அளவு என்ன என்று கேட்டால் பதில் வராது. நம் பக்கத்தில் இந்தக் கேள்வியை ராகிக் களியில் இருந்து தொடங்குவதுதான் வசதி. "எத்தனை உருண்டை சாப்பிடலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உருண்டை எவ்வளவு பெரிது என்பதை யாரும் கேட்பதில்லை. காட்டில் நாளெல்லாம் ஏர் ஓட்டியவருக்குப் பிடித்த உருண்டை அரைக் கிலோவைத் தொடும். இன்று ஏர் போய் டிராக்டர் வந்துவிட்டது, நடை போய் வண்டி வந்துவிட்டது. உருண்டை மட்டும் தாத்தா காலத்து அளவிலேயே நிற்கிறது.

முதலில் அளந்து கிண்டுங்கள்

இரண்டு பேருக்கு 200 மில்லி டம்ளரில் தலைதட்டி ஒரு டம்ளர் ராகி மாவு. அழுத்தாமல் அளந்தால் ஏறக்குறைய 120 கிராம் இருக்கும். தண்ணீர் இரண்டேகால் டம்ளர். உப்பு அரை டீஸ்பூன் போதும், குழம்பில் வேறு உப்பு இருக்கிறது. இரண்டு ஸ்பூன் மாவை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கும் உலையில் ஊற்றுங்கள். பொங்கி வரும்போது மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் குவியலின் நடுவே ஒரு குழி போட்டு மூடுங்கள். இந்த நேரத்தில் கிளறக் கூடாது. சிறு தீயில் எட்டு நிமிடம். மாவு வேகும் முன்னே கிளறினால் வெளிமாவு பசையாகி உள்மாவைச் சுற்றிக்கொள்ளும், கட்டி தட்டுவது இதனால்தான். பிறகு இறக்கி, பாத்திரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போகும்வரை துடுப்பால் ஓரத்திலிருந்து அழுத்திக் கிண்டவும். மறுபடி இரண்டு நிமிடம் சிறு தீயில் வைத்து, நனைத்த விரலால் தொட்டுப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

இதை இரண்டாகப் பிரித்து உருட்டினால் ஒவ்வொன்றும் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, கிரிக்கெட் பந்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். அந்த உருவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது 60 கிராம் மாவு, சுமார் 195 கலோரி, 40 கிராம் அளவுக்கு மாவுச்சத்து.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளுக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்கு எல்லாத் தானியமும் சேர்த்து 250 கிராம் என்கிறது. வேகாத எடை. மூன்று வேளைக்குப் பங்கு போட்டால் வேளைக்கு 80 கிராம் பக்கம் வருகிறது. ஆக, கடையிலோ ஆபீசிலோ உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு மதியம் ஒரு உருண்டை களி, பின்னால் ரசத்துக்கு ஒரு கரண்டி சோறு. கணக்கு அதோடு முடிந்தது. சாயங்காலம் கடையில் தின்னும் போண்டாவும் பிஸ்கட்டும் இதே கணக்கில்தான் சேரும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, சர்க்கரை வந்ததும் சோற்றை விட்டுவிட்டு மூன்று வேளையும் களிக்கு மாறுவது. ராகியில் நார்ச்சத்து கூடுதல், சுண்ணாம்புச்சத்து 100 கிராமுக்கு 340 மில்லிகிராமைத் தாண்டும், எல்லாம் சரி. ஆனால் மாவுச்சத்தில் அரிசிக்கும் அதற்கும் பெரிய இடைவெளி கிடையாது. நைசாக அரைத்த மாவு சீக்கிரமே செரித்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். மில்லில் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, களியை மெல்லக் கூடாது, முழுங்கணும் என்று பெருமையாகச் சொல்வோம். வயிறு நிறைந்தது என்று மூளைக்குத் தெரிய இருபது நிமிடம் ஆகும். முழுங்குகிறவர் ஐந்து நிமிடத்தில் இரண்டு உருண்டையை முடித்திருப்பார். எனவே முதலில் கீரைக் கடைசலையோ அவரைக்காய்ப் பொரியலையோ ஒரு கிண்ணம் மென்று தின்றுவிட்டுக் களியைத் தொடுங்கள். இந்த வரிசை மாற்றத்துக்குப் பைசா செலவில்லை, பலன் உண்டு.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் திடீரென்று பாதியாகக் குறைக்காதீர்கள். மருந்து அளவு அப்படியே இருக்கச் சாப்பாடு குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

மளிகைச் சீட்டைப் பாருங்கள்

தினமும் ஒவ்வொரு ஸ்பூனையும் அளந்துகொண்டிருந்தால் பத்து நாளில் வெறுத்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை மளிகைச் சீட்டை எடுத்தால் வீட்டின் அளவு தெரிந்துவிடும். நான்கு பெரியவர்கள் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம்.

எண்ணெய் ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கிராம். மாதத்துக்கு மூன்றரை லிட்டர். ரேஷன் பாமாயில், கடலை எண்ணெய், நெய் எல்லாம் இதற்குள். ஆறு லிட்டர் வாங்குகிறீர்கள் என்றால் அது எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பஜ்ஜி சட்டியில் இருக்கும், இல்லாவிட்டால் குழம்பின் மேல் மிதக்கும்.

உப்பு ஆளுக்கு 5 கிராமுக்குள். நான்கு பேருக்கு ஒரு கிலோ பொட்டலம் குறைந்தது 50 நாள் வரணும். ஊறுகாய், அப்பளம், கடைக் காரம் நிறையப் புழங்கும் வீடென்றால் அதையும் தாண்டி வரணும். வெள்ளைச் சர்க்கரை, வெல்லம் சேர்த்து மாதம் மூன்று கிலோ உச்சவரம்பு. குறைந்தால் இன்னும் நல்லது.

பருப்பில் கதை தலைகீழ். நாளொன்றுக்கு ஆளுக்கு 85 கிராம் என்றால் மாதம் பத்துக் கிலோ. பல வீடுகளில் மூன்று கிலோவோடு நிற்கிறது. தானியம் ஏறியதற்குப் பாதிக் காரணம் இந்தக் குறைவுதான். பருப்பில்லாத சாப்பாடு இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். துவரை விலை இடித்தால் கொள்ளு இருக்கிறது, மொச்சை இருக்கிறது, தட்டைப்பயறு இருக்கிறது. ஆளுக்கு 30 கிராம் கொள்ளை இரவு ஊற வைத்து, காலையில் குக்கரில் நன்றாக வேகவிட்டுக் கடைந்தால் களிக்கு அதைவிட நல்ல ஜோடி இல்லை. முட்டை, மீன், கோழி சாப்பிடும் வீடுகளில் பருப்பை அதற்கேற்பக் கொஞ்சம் குறைக்கலாம்.

டீயைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, பத்து கிராம். ஐந்து டீ குடித்தால் 50 கிராம், ஒருவருக்கான வரம்பைப் போல இரண்டு மடங்கு. ஒரேயடியாகச் சர்க்கரையில்லாமல் குடிக்க ஆரம்பிப்பவர்கள் பாதிப் பேர் அடுத்த வாரமே பழைய டீக்குத் திரும்பிவிடுவார்கள். வாரம் அரை ஸ்பூன் குறையுங்கள், நாக்குக்குத் தெரியாமலே ஒரு ஸ்பூனுக்கு இறங்கிவிடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். கீரையிலும் ராகியிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும்.

மாம்பழ மாதங்கள்

மே தொடங்கி ஜூலை வரை கிருஷ்ணகிரியில் மாம்பழத்தை ஒதுக்கச் சொல்வது நடக்காத காரியம். ஒதுக்கவும் வேண்டாம். சதையில் 100 கிராமுக்குச் சர்க்கரை 14 கிராம் போல இருக்கும். நடுத்தரமான செந்தூரா ஒன்றை அறுத்தால் கொட்டை, தோல் போக 150 கிராம் சதை கிடைக்கும். காலை பதினொன்றுக்கோ மாலை நாலுக்கோ, தனியாக ஒரு பழம். சாப்பாட்டுக்கு மேல் சாப்பிட்டே தீருவேன் என்றால் அன்றைக்கு ரசச் சோற்றை விட்டுவிடுங்கள். அறுத்துத் தட்டில் வையுங்கள், பெட்டியோடு உட்கார்ந்தால் எத்தனை போனது என்று கொட்டையை எண்ணித்தான் சொல்ல வேண்டியிருக்கும். பெங்களூராக் காயில் மிளகாய்த்தூள் போடுங்கள், உப்பை மட்டும் சிட்டிகையோடு நிறுத்துங்கள். பாட்டில் மாம்பழ ஜூஸ் இந்தக் கணக்கிலேயே வராது, அதில் சேர்த்த சர்க்கரை வேறு.

தண்ணீர்

இரு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, பிறகு மூட்டு, எலும்பு என்று அது காட்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். குடிக்கக் காவிரித் தண்ணீரும் உலைக்குப் போர் தண்ணீரும் புழங்கும் வீடுகள் இன்னும் உண்டு. அது வேண்டாம். மேலே சொன்ன களி, மாவைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு எடைத் தண்ணீரைக் குடிக்கும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. சமையலுக்கும் டீக்கும் காவிரித் தண்ணீரையே எடுங்கள்.

நடை, படி, குடம்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை. மிதம் என்றால் நடந்துகொண்டே பேச முடியணும், பாட முடியக் கூடாது.

ஜனவரி முதல் தேதி ஒரு மணி நேரம் நடந்து, மூன்றாம் நாள் குதிகால் வலியோடு படுப்பது வழக்கமான காட்சி. முதல் இரண்டு வாரம் 15 நிமிடம், வாரம் ஐந்து நாள். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள், ஐந்தாம் வாரம் அரை மணிக்கு வந்துவிடுவீர்கள். 400 மீட்டர் ஓடுபாதை உள்ள மைதானம் அருகில் இருந்தால் ஆறு சுற்று நல்ல இலக்கு. நெடுஞ்சாலைச் சர்வீஸ் ரோட்டில் நடப்பவர்கள் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடிக்கும் ஷூ போடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

மலைக்கோயில் படி நல்ல பயிற்சி, ஆனால் மூட்டு நோவது ஏறும்போது அல்ல, இறங்கும்போது. ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போகிறவர்கள் படியில் ஏறி, வண்டிப் பாதையில் இறங்கலாம்.

தசைக்கு ஜிம் தேவையில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து, மூன்று சுற்று. தண்ணீர்க் குடம் சுமப்பவர்கள் எப்போதும் ஒரே இடுப்பில் வைக்காதீர்கள், நடைக்கு நடை பக்கம் மாற்றுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பூ பறிக்கவும் களை எடுக்கவும் விடிகாலையில் போய் மதியம் திரும்பும் பெண்ணுக்கு மேலே சொன்ன "ஒரு உருண்டை" பொருந்தாது. அவருக்கு நடைப்பயிற்சியும் தேவையில்லை. இரண்டு உருண்டையும் கொள்ளும் கீரையும் ஒரு முட்டையும் தேவை, மதியம் முதுகைச் சாய்க்க இருபது நிமிடம் தேவை. எல்லோருக்கும் போட்டுவிட்டு மீதியை வழித்துச் சாப்பிடுவதில் அளவு என்று ஒன்று அமையவே அமையாது. பரிமாறும் முன்பே தன் தட்டுக்கான பருப்பையும் காயையும் தனியே எடுத்து மூடி வைத்துவிடட்டும்.

நைட் ஷிப்ட்

ஓசூர் சிப்காட் பக்கம் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுபவர்களுக்கு நேரம்தான் பெரிய சிக்கல். இரவு பத்து மணி ஷிப்ட் என்றால் எட்டரைக்குள் முழுச் சாப்பாட்டை முடியுங்கள். இரவு ஒரு மணி இடைவேளையில் இரண்டு இட்லி அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். அந்த நேரத்துப் பிரியாணி செரிக்காமல் நெஞ்செரிச்சலாக நிற்கும். கடைசி டீ இரண்டு மணிக்கு. அதிலுள்ள கஃபைன் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும், நாலு மணி டீ காலைத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். வீட்டுக்கு வந்து லேசாகச் சாப்பிட்டு, ஜன்னலுக்குக் கெட்டித் துணி கட்டிப் படுங்கள். தூங்கி எழுந்த பிறகு நடங்கள், தூக்கத்தை வெட்டி நடக்காதீர்கள்.

விருந்து நாளும் விட்டுப்போன நாளும்

கிடா விருந்துக்கு முன் காலையில் பட்டினி கிடப்பது கணக்கு போலத் தெரியும். பசியோடு உட்கார்ந்தவர் இலையில் அளவு நிற்காது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே போங்கள். மறுநாளும் பட்டினி வேண்டாம், வழக்கமான சாப்பாடு, வழக்கமான நடை.

மாதத்துக்கு ஒருமுறை, காலை வெறும் வயிற்றில், மூச்சை வெளியே விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடா வைத்து அளந்து காலண்டரில் எழுதுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். அரைஞாண் கயிறு இறுகுவதை வைத்துச் சொல்லலாம் என்பார்கள். கயிறு தொப்பைக்குக் கீழே இறங்கிக்கொள்ளும், அதை நம்பாதீர்கள். காய்ச்சல், கல்யாணம் என்று பத்து நாள் நடை விட்டுப்போனால் விட்ட இடத்தில் தொடங்க வேண்டாம். பாதி நேரத்தில் தொடங்கி ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கு வாருங்கள்.