டீம் ஜெர்சியில் காசை விடும் வழிகள்: ஒரு பனியன் கம்பெனிக்காரன் சொல்வது

போன ஞாயிறு காரமடை தாண்டி ஒரு பேக்கரியில் சைக்கிள்களைச் சாய்த்தோம். கோத்தகிரி ஏறுகிற கூட்டம் எதுவாக இருந்தாலும் மேட்டுப்பாளையத்துக்கு முன்னால் டீயும் தேங்காய் பன்னும் உள்ளே போகாமல் மலையைத் தொடாது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வெள்ளை யுஏஇ டீம் ஜெர்சியில் வந்திருந்தார். சைக்கிள் பந்தய வீரர் பொகாச்சர் ஓட்டுகிற டீம். மடிப்புக் கோடுகூட இன்னும் கலையவில்லை.

"பதினோராயிரத்துச் சொச்சம் ஆச்சுங்ணா."

பக்கத்தில் இருந்தவர் பன்னை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங், திருப்பூரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு பதினோராயிரம் குடுக்கறதா? முப்பது பேர் சேர்ந்தா இதையே அறுநூறுக்கு அடிச்சுப் போடலாமுங்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினெட்டு வருஷமாகத் திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஆர்டர் எடுத்ததிலிருந்து பீஸ் கைக்கு வரும்வரை பார்த்துக்கொள்ளும் வேலை, பார்க்கிறவன் நான். எனக்கு டீ புரையேறியது. காரணம், 2018-ல் இதே வாக்கியத்தைச் சொன்னவன் நான்தான். பேக்கரிதான் வேறு.

அன்றைக்கு மலை ஏறுகிற வழியெல்லாம் அவர்களிடம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னதை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். வெந்நீரில் துவைக்காதே, அயர்ன் பெட்டி வைக்காதே என்பதெல்லாம் இதில் கிடையாது. அது கழுத்து லேபிளிலேயே இருக்கிறது.

விலை துணிக்கு என்று நினைப்பது

ஒரு ஜெர்சிக்குப் போகும் துணி இருநூறு கிராம்கூடத் தேறாது. நல்ல பாலியெஸ்டர், இழுபடுவதற்குக் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் நூல், முழுநீள ஜிப், இடுப்பில் சிலிகான் ஒட்டிய எலாஸ்டிக், முதுகில் மூன்று பை. எங்கள் டேபிளில் காஸ்டிங் போட்டால் பதினோராயிரம் எந்த மூலையிலும் வராது.

அப்புறம் எங்கே போகிறது? சைக்கிள் டீமுக்கு மைதானமும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. பந்தயம் ஊர் ரோட்டில் நடக்கிறது, ஓரத்தில் நின்று யார் வேண்டுமானாலும் சும்மா பார்க்கலாம். டிவி ஒளிபரப்புப் பணம் பந்தயம் நடத்துகிறவர்களுக்குப் போகிறது. டீமின் வயிறு நிறைவது ஸ்பான்சரால். அந்த டீமுக்கு வருஷம் முழுக்க உடுப்புக் கொடுக்கும் துணிக் கம்பெனி, அந்தச் செலவை எடுப்பதற்கு நம் ஜெர்சியும் ஒரு வழி. ஃபுட்பால் சட்டை மாதிரி லட்சக்கணக்கில் விற்கிற சரக்கும் இல்லை. குறைந்த பீஸ், டிசைன் வருஷா வருஷம் மாறும், நடுவில் டிஸ்ட்ரிபியூட்டர், கடை. நம்மூரில் வாங்கினால் 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேல் விலையுள்ள துணிமணிக்கு ஜிஎஸ்டி 18%. அதற்குள் இருந்தால் 5%.

இதில் எனக்குச் சிரிப்பு வருவது ஒரு விஷயத்தில். சூடால் குயிக்ஸ்டெப் என்று ஒரு டீம், பெயரே ஸ்பான்சர்களுடையது. சூடால் என்பது பெல்ஜியத்துப் பசைக் கம்பெனி. குயிக்ஸ்டெப் என்பது தரைக்குப் பலகை போடுகிற கம்பெனி. அந்த இரண்டு பெயரையும் நெஞ்சில் போட்டுக்கொள்ளப் பத்தாயிரம் கொடுக்கிறோம். பீளமேட்டு மோட்டார் பம்பு பேர் போட்ட பனியனைச் சும்மா கொடுத்தால் சைக்கிள் துடைக்கத்தான் வைத்துக்கொள்வோம்.

"நாமளே அடிச்சுக்கலாம்"

இதைத்தான் சாவகாசமாகச் சொல்ல வேண்டும்.

2018-ல் குயிக்ஸ்டெப் டீம் ஒரே வருஷத்தில் 73 பந்தயம் ஜெயித்தது. எங்கள் குரூப்பில் எல்லாருக்கும் அந்த நீல ஜெர்சி மேல் கண். ஒரிஜினல் விலையைப் பார்த்துவிட்டு நான் மார்தட்டினேன். 28 பேர், ஆளுக்கு 650 ரூபாய் வசூல். கைவசம் ஜாப் ஒர்க் செய்கிற பிரிண்டிங் யூனிட் தெரியும், தைக்கிற யூனிட் தெரியும். இதைவிட என்ன வேண்டும்?

முதல் கோளாறு, திருப்பூர் பருத்தி ஊர் என்பதை நானே மறந்தது. டி-ஷர்ட்டை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு அடிப்போம். சைக்கிள் ஜெர்சி வேறு சாதி. அதில் போடுவது சப்ளிமேஷன் பிரிண்ட். டிசைனைப் பேப்பரில் அடித்து, வெள்ளை பாலியெஸ்டர் மேல் வைத்து, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் அழுத்துவார்கள். மை ஆவியாகி நூலுக்குள் இறங்கும். பருத்தியில் இது பிடிக்காது. மை இறங்குவது மேல்முகத்தில்தான், துணியின் அடியில் வெள்ளை அப்படியேதான் இருக்கும். துணியை இழுத்துப் பிடித்தால் இழைகளுக்கு நடுவே அந்த வெள்ளை பல்லிளிக்கும். யூனிட்டில் அன்றைக்கு இருந்தது ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டிரஸ்ஸுக்குப் போடும் மலிவு டாட்நிட் துணி. "இது போதுமுங்க, இதுலதான் கபடி டீமுக்கெல்லாம் அடிக்கறோம்" என்றார் யூனிட்காரர். நானும் தலையாட்டினேன். அடர்நீலம் பேப்பரில் கண்ணைப் பறித்தது. தொப்பை மேல் ஏறியதும் அங்கே மட்டும் வெளுத்துப் போனது. பாதிப் பேருக்கு வயிற்றைச் சுற்றி மேகம் படிந்த மாதிரி.

இரண்டாவது பேட்டர்ன், அதாவது துணியை வெட்டும் அளவு. இதை நினைத்தால் இன்றைக்கும் கடுப்பு வரும். கட்டிங் மாஸ்டர் என்னிடம் கேட்டார்: "சாம்பிள் ஒண்ணு இருந்தாக் குடுங்க தம்பி, அதைப் பிரிச்சு அளவெடுத்துக்கறேன்." ஒரு ஒரிஜினலை வாங்கிப் பிரிக்கச் சொன்னால் எனக்கு மனசு வருமா? டி-ஷர்ட் பேட்டர்னிலேயே வெட்டச் சொன்னேன். டி-ஷர்ட் நிற்கிற ஆளுக்கு வெட்டியது. சைக்கிள் ஜெர்சி ஹேண்டில்பாரில் குனிந்திருக்கிறவனுக்கு வெட்டியது. முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம், கை முன்னால் தள்ளிப் பொருத்தியிருக்கும். எங்கள் ஜெர்சியில் குனிந்தால் முன்னால் துணி பொதி மாதிரி திரண்டது, பின்னால் மேலே ஏறி முதுகுத் தண்டு வெயில் காய்ந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் பொள்ளாச்சி ரோட்டில் போனால் படபடவென்று கொடி மாதிரி அடிக்கும். பின்னால் வருகிறவன் பேசுவது கேட்காது.

மூன்றாவது பை. மூன்று பையின் வாயிலும் சாதா எலாஸ்டிக். ஒரு போன், ஒரு ட்யூப், இரண்டு வாழைப்பழம் போட்டால் பை பின்புறத்தைத் தாண்டித் தொங்கும். கோத்தகிரி இறக்கத்தில் ஒரு வளைவில் நண்பர் ஒருவரின் போன் பையிலிருந்து எகிறி விழுந்தது. பின்னால் வந்த ஜீப் ஏறியது. பதினான்காயிரம் ரூபாய் போன். ஒரு ஒரிஜினல் ஜெர்சியின் விலை அந்த ஒரு வளைவிலேயே போயிற்று.

இவ்வளவும் தொழில் பிழை. நான்காவது என் வெட்கக்கேடு. கம்பெனியில் ஒரு கார்ட்டூன் பொம்மை பிரிண்ட் போட வேண்டுமானால் லைசென்ஸ் பேப்பர், அப்ரூவல் மெயில் எல்லாம் வந்த பிறகுதான் துணியைத் தொடுவோம். மீதி விழுந்த பீஸைக்கூட எண்ணி வைப்போம். மீதிச் சரக்கு விற்கும் காதர்பேட்டைக்கு ஒரு பீஸ் நழுவினாலும் கேள்வி என் மேல்தான் வரும். அந்த நான்தான் அடுத்தவன் டிரேட்மார்க்கை 28 பீஸில், ஒரு வார்த்தை கேட்காமல், கூசாமல் அடித்தேன். விற்கவில்லை, நமக்குத்தானே என்று சமாதானம் வேறு.

எட்டுப் பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மற்றவர்கள் கேட்கவில்லை. கேட்காதவர்களைப் பார்ப்பதுதான் சங்கடமாக இருந்தது.

திருப்பூரில் அடிக்க முடியாது என்று சொல்லவில்லை. முடியும், நன்றாகவே அடிக்கலாம். குரூப்புக்குச் சொந்தப் பேர், சொந்த டிசைன் போடுங்கள். சைக்கிள் ஜெர்சிக்கென்றே பேட்டர்ன் வைத்திருக்கும் ஆளைப் பிடியுங்கள். ஸ்பான்டெக்ஸ் கலந்த துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். முதலில் இரண்டே சாம்பிள், ஒன்று ஒல்லி ஆளுக்கு, ஒன்று என்னைப் போன்ற ஆளுக்கு. அதைப் போட்டு, பையில் போனும் பழமும் வைத்து, ஒருமுறை அன்னூர் போய் வாருங்கள். அதற்கப்புறம் மீதிக்கு அட்வான்ஸ் கொடுத்தால் போதும். அறுநூறில் முடியாது. ஆயிரத்து முந்நூறு, ஐந்நூறு ஆகும். ஆகட்டும்.

சீசன் நடுவில் முழு விலை கொடுப்பது

மேற்படி கடுப்பில், "இனி ஒரிஜினல்தான்" என்று சபதம் போட்டு 2019 மார்ச்சில் டீம் ஸ்கை ஜெர்சியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். ஜெர்சி 7,900, கூரியர் 1,600. இரண்டையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் வரி போட்டார்கள். சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் பொருள் என்ற கணக்கில் அன்றைக்குச் சுங்கமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து முக்கால் பங்குக்கும் மேல். கைக்கு வரும்போது 16,800-ஐத் தாண்டிவிட்டது. இப்போது அந்த வரி குறைந்திருக்கிறது, ஆனால் கூரியர் செலவுக்கும் சேர்த்துத்தான் போடுவார்கள் என்பது மாறவில்லை.

இதைவிடக் கொடுமை, 2018 டிசம்பர் 12-ம் தேதியே ஸ்பான்சரான ஸ்கை கம்பெனி விலகப் போவதாக அறிவித்திருந்தது. நான் படிக்கவில்லை. மே 1-ம் தேதி டீமின் பெயர் இனியோஸ் ஆனது. வீட்டில் கேட்டார்கள்: "ஏனுங், நீங்க போட்டுருக்கற டீமே இல்லையாமே?"

புது ஜெர்சி வருவது டிசம்பர், ஜனவரியில். பெரிய பந்தயங்கள் அக்டோபரில் முடிகின்றன. அதற்குப் பிறகு பழைய டிசைனின் விலை இறங்கும். தொண்டாமுத்தூர் ரோட்டில் எதிரே வருகிற பால்காரர் அது எந்த வருஷத்து டிசைன் என்று கேட்கப் போவதில்லை.

நின்றபடி அளவு பார்ப்பது

நம்மூர் சட்டையில் லார்ஜ் போடுகிறவர் இத்தாலிய ரேஸ் கட்டில் லார்ஜ் வாங்கினால் ஜிப் பாதியில் நிற்கும். பேக்கரித் தம்பிக்கும் அதுதான் ஆனது. டீ குடிக்க ஜிப்பை இறக்கினார், திரும்ப ஏற்றவில்லை. எஸ், எம், எல் எழுத்தை விட்டுவிட்டு மார்பளவை சென்டிமீட்டரில் பாருங்கள். கண்ணாடி முன் நேராக நின்றால் முன்பக்கம் குட்டையாகத்தான் தெரியும், கழுத்து இறுக்கும். நாற்காலி முதுகைப் பிடித்துக் குனிந்து பாருங்கள். அப்போது சரியாக உட்கார்ந்தால் அதுதான் அளவு. டீமுக்கே கொடுக்கும் ரகம், அதே தோற்றத்தில் கொஞ்சம் தளர்வாக வெட்டிய ரசிகர் ரகம் என்று பல கம்பெனிகளில் தனித்தனியாக உண்டு. இரண்டாவது விலையும் குறைவு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

மேலே பதினோராயிரம், கீழே ஐந்நூறு

உங்கள் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது ஷார்ட்ஸில் சீட் பக்கம் தைத்திருக்கும் மெத்தை, அதாவது பேட். ஜெர்சி வெறும் பார்வைக்கு. இதை நான் 200 கிலோமீட்டர் பிஆர்எம் ஒன்றில் கற்றேன், நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு அது. பதின்மூன்றரை மணி நேர அவகாசம், மேலே அந்த 16,800 ரூபாய் ஸ்கை, கீழே ஐந்நூறு ரூபாய் ஷார்ட்ஸ், அதில் ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு பேட். 120-வது கிலோமீட்டரில் இருந்து சீட்டில் உட்காரவே முடியவில்லை. எழுந்து நின்றே மிதித்தேன். புண் ஆற மூன்று வாரம். இருட்டியதும் விதிப்படி ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட் போட வேண்டும் என்பதால் ஜெர்சியையும் ஒருவரும் பார்க்கவில்லை.

கையில் பத்தாயிரம் இருந்தால் ஐந்தாறாயிரத்துக்கு பிப் ஷார்ட்ஸ், தோளில் வார் மாட்டுகிற ரகம், வாங்குங்கள். மீதியில் ஜெர்சி.

பேட் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி

வேண்டாம்.

வெள்ளை ஜெர்சி

வேர்த்தால் எல்லாம் தெரியும். உள்ளே மெல்லிய வலை பனியன் ஒன்று.

ஜெர்சியும் பிப் ஷார்ட்ஸும் சேர்த்து ரெண்டாயிரம், ஆன்லைனில்

அது 2018-ல் நான் அடித்ததுதான். வேறு ஊரில் அடித்திருக்கிறார்கள்.

வானவில் கோடு

உலக சாம்பியன் போடுவது. நீங்கள் ஆன பிறகு.

மஞ்சள் ஜெர்சி

1919-ல் டூர் தி பிரான்ஸில் முன்னணியில் இருப்பவரைக் கூட்டத்தில் அடையாளம் காட்டத்தான் மஞ்சள் கொடுத்தார்கள், பந்தயம் நடத்திய லோட்டோ பத்திரிகையின் தாளும் மஞ்சள். கடையில் விற்கிறார்கள், போடுவது குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் மருதமலை ஏற்றத்தில் கேரியர் வைத்த சைக்கிளில் வரும் பையன் உங்களைத் தாண்டிப் போவான். நான் பார்த்திருக்கிறேன்.

மிச்சம் விழுந்த பீஸ்

28-ல் எட்டு என்னிடமே திரும்பி வந்தன. இரண்டு செயின் துடைக்கப் போயிற்று. நான்கு எங்கே என்று தெரியவில்லை. இரண்டைக் காங்கயம் பக்கம் தோட்டத்தில் அப்பா போடுகிறார், தண்ணி கட்டும்போதும் மாட்டுக்குத் தட்டு அறுக்கும்போதும். "லேசா இருக்குதுடா, வேர்வை சட்டுனு காயுது" என்கிறார். முதுகில் நடுப்பையில் போன், இடப்பையில் வெத்தலைப் பொட்டலம். குனிந்தால் போன் விழுகிறது என்று ஒருநாள் சொன்னாராம். அடுத்த முறை நான் போனபோது பையின் வாயில் பழைய சட்டையின் பட்டன் ஒன்றை அம்மா தைத்து வைத்திருந்தார்.