பி.இ.பி. ஷெட் வாங்குகிறீர்களா? விலை பேசும் முன் ஆலைக்குப் போங்கள்

மாம்பழக்கூழ் டிரம்களை அடுக்கக் காவேரிப்பட்டணம் பக்கம் 60 அடிக்கு 80 அடியில் ஒரு பி.இ.பி. ஷெட் (ப்ரீ-என்ஜினியர்டு பில்டிங்: ஆலையில் முன்கூட்டியே செய்து கொண்டுவந்து பொருத்தும் இரும்புக் கட்டடம்) போட்டோம். அது எழும்பி நின்றதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சதுர அடி என்ன விலை?" நான் பதில் சொல்வதில்லை. அதே 4,800 சதுர அடியை 8 மி.மீ. தகட்டிலும் கட்டலாம், 6 மி.மீ. தகட்டிலும் கட்டலாம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

பட்டா, திட்ட அனுமதி, மண் பரிசோதனை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை என்று வைத்துக்கொள்கிறேன். இரும்பை யாரிடம் வாங்குவது, வாங்குவதை எப்படிச் சோதிப்பது என்பது மட்டும் இங்கே.

கான்கிரீட் கட்டடம் நம் கண் முன்னால் எழுகிறது. மேஸ்திரி கலவையில் தண்ணீரைக் கூட்டினால் அங்கேயே தடுக்கலாம். பி.இ.பி. அப்படியில்லை. வெட்டு, வெல்டிங், துளை, பெயின்ட் எல்லாம் வேறொரு ஊரின் ஆலையில் முடிந்து, லாரியில் வந்து, நம் இடத்தில் போல்ட் மட்டும் ஏறுகிறது. ஆலையில் நேர்ந்த கோளாறும் அதே லாரியில்தான் வந்து இறங்கும்.

படி 1: காற்றைக் கேளுங்கள்

வடிவமைப்பாளரின் கணக்குத் தாளில் காற்று வேகம் என்னவென்று முதலில் பாருங்கள். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி அடிப்படைக் காற்று வேகம் பெங்களூருக்கு நொடிக்கு 33 மீட்டர், கோயம்புத்தூருக்கு 39, சென்னைக்கு 50. ஓசூர் வழியாக வரும் சில விற்பனையாளர்கள் பெங்களூரில் போட்ட ஷெட்டின் வரைபடத்தையே தலைப்பை மாற்றி நீட்டுவார்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்; 33க்கும் 39க்கும் இடையே அழுத்தம் ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடுகிறது. உங்கள் இடத்துக்கு எந்த எண்ணை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்து, கதவுகள். சுவர்ப்பரப்பில் திறப்புகள் 5 சதவீதத்துக்குள் இருந்தால் உள் அழுத்தக் கெழு (உள்ளே நுழைந்த காற்று எவ்வளவு தள்ளும் என்று கணக்கிட எடுக்கும் எண்) 0.2, 5 முதல் 20 சதவீதம் என்றால் 0.5, அதற்கும் மேல் 0.7. எங்கள் ஷெட்டில் 16 அடிக்கு 16 அடியில் இரண்டு ஷட்டர். 20 அடி உயரச் சுவர்களோடு கணக்குப் போட்டால் 9 சதவீதம் வந்தது. முதல் கணக்குத் தாளிலோ 0.2 என்று இருந்தது, மூடிய டப்பா போல. சீசனில் அந்த ஷட்டர்கள் பகல் முழுவதும் திறந்தே கிடக்கும். கோடை மழைக்கு முன் அடிக்கும் காற்று மாங்காயை உதிர்ப்பதோடு நின்றுவிடாது. திறந்த கதவு வழியே நுழைந்து கூரையை உள்ளிருந்தும் தூக்கும்.

படி 2: விலைப்புள்ளிகளை ஒரே தராசில் வையுங்கள்

சதுர அடிக் கணக்கில் மட்டும் விலை தருபவரிடம் நான்கு விவரம் கேளுங்கள்: மொத்த இரும்பு எடை, தகட்டின் கிரேடு, போல்ட்டின் கிரேடு, கூரை ஷீட்டின் கனம். தர மறுத்தால் அவரை விட்டுவிடுங்கள்.

எடையை நாமே சரிபார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகட்டின் எடை, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 7.85 கிலோ. 200 மி.மீ. அகலம், 6 மீட்டர் நீளம், 8 மி.மீ. கனம் உள்ள தகடு 75 கிலோவுக்குச் சற்று மேல். அதையே 6 மி.மீ. தகட்டில் செய்தால் 56.5 கிலோ. லாரி காலியாகவும் பாரத்தோடும் எடைமேடை ஏறிய இரண்டு சீட்டுகளையும் வாங்கி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

கிரேடு கண்ணுக்குத் தெரியாது. கட்டுமான இரும்புக்கான தரநிலை ஐ.எஸ். 2062இல் ஈ250 தகட்டின் இழுதாங்கு எல்லை (தகடு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) 250 மெகாபாஸ்கல், ஈ350 என்றால் 350. கணக்கை 350க்குப் போட்டுவிட்டு 250 தகட்டை வைத்தால் பெயின்ட்டுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆகவே உருக்காலைச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். அதில் உள்ள ஹீட் எண் (எந்த உருக்குத் தொகுதியில் வார்த்தது என்று காட்டும் எண்) தகட்டின் மேல் குத்தப்பட்ட எண்ணோடு பொருந்த வேண்டும். தகட்டை வெட்டும் முன்பே போனால்தான் இந்த எண்ணைப் பார்க்க முடியும். சந்தேகம் இருந்தால் வெட்டித் தள்ளிய துண்டு ஒன்றை என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

ஷீட் விஷயத்தில் ஒரே கேள்வி போதும்: "0.50 மி.மீ. என்பது பூச்சோடா, பூச்சு நீங்கலாகவா?" ஏ.இசட். 150 என்ற அலுமினியம்-துத்தநாகப் பூச்சு மட்டுமே இரு பக்கமும் சேர்த்து 0.04 மி.மீ. அளவுக்கு வரும், பெயின்ட் தனி. பூச்சில்லாத இரும்பின் கனத்தை எழுதி வாங்குங்கள்.

படி 3: ஆலைக்குள் கையில் என்ன இருக்க வேண்டும்

டிஜிட்டல் வெர்னியரில் நான் பணம் போடமாட்டேன், மைக்ரோமீட்டர் நல்லது. துணி டேப் வேண்டாம், ஸ்டீல் டேப். பெயின்ட் கனம் அளக்கும் கருவியை விலைக்கு வாங்கத் தேவையில்லை, வாடகைக்குக் கிடைக்கும். இவற்றோடு சாயச் சோதனை ஸ்பிரே டப்பாக்கள் மூன்று. கடைசியில் சொன்னதுதான் என் கட்சி.

பெயின்ட் அடிக்காத வெல்டிங்கைத் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். துணியால் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பரை அடியுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையின் நடுவே மயிரிழைக் கனத்தில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வெளியே வரும். அதைப் பார்த்த பிறகு ஆலைக்காரரும் வாதாடமாட்டார். மேற்பரப்பு வரை வந்த விரிசலைத்தான் இது காட்டும். ‘ஐ’ வடிவச் சட்டத்தின் இரு விளிம்பிலும் இருக்கும் பக்கத்தகடுகளை நீளவாக்கில் ஒட்டிய இணைப்புகளுக்கு அல்ட்ராசோனிக் சோதனை அறிக்கை கேளுங்கள்.

அந்த இரண்டுக்கும் இடையே நிற்கும் நடுத்தகட்டைப் பக்கத்தகட்டோடு ஒரே பக்கம் மட்டும் வெல்டிங் செய்திருந்தால் பதற வேண்டாம். கணக்கு அனுமதித்தால் பி.இ.பி.யில் அது வழக்கம்தான்.

பெயின்ட்டில் நிறத்தைப் பார்க்காதீர்கள், அடியில் இருப்பதைப் பாருங்கள். புதுத் தகட்டின் மேல் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். அதன் மேலேயே பெயின்ட் அடித்தால் சில பருவங்களில் படலமும் பெயின்ட்டும் சேர்ந்து சொரசொரவென்று உரியும். எஸ்.ஏ. 2.5 அளவுக்கு (படலமும் துருவும் ஏறத்தாழ முழுக்கப் போய் வெறும் இரும்பு தெரியும் அளவு) மணல்வீச்சுச் சுத்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கம்பி பிரஷ் தேய்ப்பு அதற்கு ஈடாகாது.

படி 4: எண்ட் பிளேட் (இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்)

கூரையைத் தாங்கும் சாய்ந்த சட்டமான ராஃப்டரின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் முகத்தோடு முகம் பொருந்தும் தகடுதான் எண்ட் பிளேட். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் வெல்டிங் விழுகிறது. வெல்டிங் ஆறிச் சுருங்கும்போது தகட்டின் ஓரங்கள் பின்பக்கமாக இழுபட்டு, முகத்தின் நடுப்பகுதி லேசாகப் புடைத்துவிடும். இப்படிப் புடைத்த இரண்டு முகங்களைச் சேர்த்தால் நடுவில் ஒட்டும், ஓரத்தில் வாய் பிளந்து நிற்கும்.

எங்கள் முகட்டு இணைப்பு ஒன்றில் இதுதான் நடந்தது. கிரேன் பிடித்துக்கொண்டிருக்கிறது, மேலே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், தகடுகளுக்கு நடுவே வானம் தெரிகிறது. "போல்ட்டை இறுக்கினால் தானாகச் சேர்ந்துவிடும் அண்ணா" என்றார் பொருத்தும் குழுவின் தலைவர். சேரத்தான் செய்யும். ஆனால் ராஃப்டரைத் தாங்க வேண்டிய போல்ட்டின் பலம், வளைந்த தகட்டை நிமிர்த்துவதிலேயே கரைந்துவிடும். கீழ்வரிசையில் இரண்டு துளைகளும் விலகி நின்றன. அதற்குக் கேஸ் கட்டரை எடுத்து வரச் சொன்னார்கள். எங்கள் பொறியாளர் மறுத்துவிட்டார். 20 மி.மீ. போல்ட்டுக்கு 22 மி.மீ. துளை, அவ்வளவுதான் இடம். நெருப்பால் அகட்டிய துளையில் போல்ட் எங்கே போய் ஊன்றும்? அந்த ராஃப்டர் திரும்பி ஆலைக்குப் போனது. கிரேன் வாடகையை யார் கொடுப்பது என்ற வழக்கு இன்னும் ஓடுகிறது.

இதை ஆலையிலேயே பிடித்துவிடலாம். நேரான ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை எண்ட் பிளேட்டின் முகத்தில் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) செருகி எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஒரு முழுச் சட்டத்தை ஆலைத் தரையில் படுக்கவைத்துப் போல்ட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். "இடமில்லை, நேரமில்லை" என்பார்கள். இதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுங்கள்.

ஒரு நல்ல ஆலையை இதிலேயே அடையாளம் காணலாம். இரண்டு எண்ட் பிளேட்டுகளை முகத்தோடு முகமாக இறுக்கிக் கட்டி வெல்டிங் செய்கிறார்களா, இல்லையென்றால் பிறகு அழுத்தியந்திரத்தில் நிமிர்த்துகிறார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாமல் "எங்களுக்கு வளைவே வராது" என்று சொல்பவர் தகட்டை அளந்து பார்த்திருக்கமாட்டார்.

படி 5: பணத்தைச் சோதனையோடு கட்டுங்கள்

முன்பணம், சான்றிதழோடு தகடு வந்ததும் ஒரு பங்கு, ஆலைச் சோதனை முடிந்து லாரி ஏறும் முன் பெரும்பங்கு, பொருத்தி முடித்ததும் மீதி. ஒரு மழைக்காலம் தாண்டும் வரை கொஞ்சம் கையில் நிறுத்துங்கள். "இறக்கியதும் முழுப்பணம்" என்ற வரியை நீக்கவைக்க வேண்டும். பொருள் நம் தோப்பில் இறங்கிவிட்டால் நம் பேச்சு எடுபடாது.

லாரி வரும் வழியையும் ஒருமுறை நடந்து பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை 44 வரை யாரும் சிரமப்படமாட்டார்கள். அங்கிருந்து தோப்புக்குத் திரும்பும் வளைவில் 12 மீட்டர் நீள ராஃப்டர் மின்கம்பத்தை இடிக்குமா என்பதுதான் கேள்வி. தாழ்ந்த மாங்கிளைகளை முன்பே கழித்துவிடுங்கள்; இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துதான் வந்து சேரும்.

படி 6: பொருத்தும் நாட்களில்

தூணை அடித்தளத்தோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட்டுகளைக் கான்கிரீட் போடும் முன்பும் பின்பும் மூலைவிட்டம் பிடித்து அளக்க வேண்டும். தலையில் 8.8 என்ற எண்ணும் (போல்ட்டின் வலிமைக் கிரேடு) தயாரிப்பாளர் முத்திரையும் இல்லாத போல்ட்டை, வரைபடம் 8.8 கேட்கும் இடத்தில் ஏற்றவிடாதீர்கள். கூரையில் ஸ்க்ரூ முடுக்கும்போது ரப்பர் வாஷர் பிதுங்கினால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். மாலையில் இறங்கும் முன் இரும்புத் துகள்களைக் கூட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஓர் இரவுப் பனி போதும், ஷீட் முழுக்கத் துருப்புள்ளி விழுந்துவிடும்.

பிற்சேர்க்கை

ஊத்தங்கரை வாசகர் ஒருவர் 60 அடி ஷெட் வாங்கியும் உள்ளே 60 அடி இல்லை என்று எழுதியிருக்கிறார். பி.இ.பி. வரைபடத்தில் அகலம் என்பது பெரும்பாலும் வெளிச்சுவர்ச் சட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை. தூண்களின் உடம்பு அதற்குள்தான் அடங்குகிறது. மேலே போகப் போகத் தூண் அகன்றுகொண்டே வரும். உள்ளே அடுக்கு, ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடம் எல்லாம் முக்கியம் என்றால் தூணுக்குத் தூண் நிகர அளவை எழுதி வாங்குங்கள். இதே காரணத்தால் 60, 80 என்ற எண்களை வைத்து மூலைவிட்டம் 100 அடி என்று ஆங்கர் போல்ட்டுகளைச் சோதிக்கக் கூடாது. போல்ட் மையங்களின் அளவு வேறு.

பாலக்கோட்டிலிருந்து பழைய ஷெட்டைப் பிரித்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வரைபடமும் கணக்குத் தாளும் சேர்ந்து வந்தால் பார்க்கலாம். போல்ட்டுகளை மட்டும் மறுபடி பயன்படுத்தாதீர்கள், புதிதாக வாங்குங்கள். தக்காளிப் பெட்டி அடுக்கும் இடம் என்று சொல்கிறீர்கள். அப்படியானால் தூணின் அடித்தகடு ஈரத்தில் அரித்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.