கச்சத்தீவு ஒப்பந்தத்தை நீங்களே எடுத்துப் படிப்பது எப்படி?

தேர்தல் வந்தாலும், ராமேசுவரம் மீனவர்கள் கைதானாலும் கச்சத்தீவுப் பேச்சு வந்துவிடும். ஆனால் அந்தத் தீவை இலங்கையின் பக்கம் விட்ட 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டால், பேசுகிறவர்களில் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். மொத்தமே எட்டு ஷரத்துகள். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காசும் கொடுக்க வேண்டாம். அரசு போட்ட ஒப்பந்தங்களைத் தேடிப் படிக்கும் வழியை இந்த ஒன்றை வைத்தே சொல்லித் தருகிறேன். வேறு எந்த ஒப்பந்தத்துக்கும் இதே வழிதான்.

முதல் படி: உண்மையான தலைப்பைக் கண்டுபிடியுங்கள்

புதிதாகத் தேடுகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஒப்பந்தத்தின் தலைப்பில் கச்சத்தீவு என்ற பெயரே கிடையாது. 'இரு நாடுகளுக்கும் இடையிலான வரலாற்று நீர்ப்பரப்பின் எல்லை, மற்றும் அது தொடர்பான விவகாரங்கள் குறித்த ஒப்பந்தம்' என்பதுதான் அதன் பெயர். வரலாற்று நீர்ப்பரப்பு என்றால், ஒரு நாடு நெடுங்காலமாகத் தன்னுடையதென்று அனுபவித்துவரும் கடற்பகுதி. ஆகவே தேடுபெட்டியில் தீவின் பெயரைப் போடாதீர்கள். 'ஹிஸ்டாரிக் வாட்டர்ஸ்', 'ஸ்ரீலங்கா', 'இந்தியா' ஆகிய சொற்களை ஆங்கில எழுத்தில் போட்டு, 1974 என்று ஆண்டையும் சேருங்கள். ஆவணத்துக்குள்ளும் தீவின் பெயரை நாம் இன்று ஆங்கிலத்தில் எழுதுகிற மாதிரி எழுதவில்லை. 'கச்சதிவு' என்று படிக்கும்படியான எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. அதனால் பி.டி.எஃப்.-இல் பெயரைத் தட்டித் தேடிவிட்டு 'ஒன்றும் வரவில்லை' என்று மூடிவிடாதீர்கள். வரி வரியாகப் படியுங்கள்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

இரண்டு இடங்கள். முதலாவது, ஐ.நா.வின் ஒப்பந்தத் தொகுப்புத் தளம். ஐ.நா. சாசனத்தின் 102ஆவது ஷரத்துப்படி, உறுப்பு நாடுகள் செய்துகொள்ளும் ஒவ்வொரு ஒப்பந்தமும் ஐ.நா. செயலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். செயலகம் அதை வெளியிடவும் வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை ஐ.நா. அமைப்புகள் எதன் முன்னாலும் எடுத்துக்காட்ட முடியாது. ரகசிய உடன்படிக்கைகளால் உலகம் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த விதி இது. ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் சாசனத்திலும் 18ஆவது ஷரத்தாக இருந்தது. சாதாரணக் குடிமகனுக்குக் கிடைத்த பெரிய உரிமையாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

இரண்டாவது, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளம். அங்கே இந்திய ஒப்பந்தங்களுக்கென்றே ஒரு தரவுத்தளம் உண்டு. நாட்டின் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். இரண்டு இடத்திலும் கிடைத்தால் இரண்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தேதிகளைப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்

கையெழுத்தான நாள் வேறு, நடைமுறைக்கு வந்த நாள் வேறு. இந்த ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க கொழும்பில் 1974 ஜூன் 26 அன்றும், இந்திரா காந்தி டெல்லியில் ஜூன் 28 அன்றும் கையெழுத்திட்டார்கள். ஒப்பந்தத்தை ஏற்றதாக உறுதி செய்யும் ஏற்புறுதி ஆவணங்களை இரு நாடுகளும் பரிமாறிக்கொண்ட ஜூலை 8 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அப்படித்தான் வரும் என்று 8ஆவது ஷரத்தே சொல்கிறது.

நான்காம் படி: ஷரத்துகளை நிதானமாகப் படியுங்கள்

1ஆவது ஷரத்து, பாக் நீரிணையிலிருந்து ஆதம் பாலம் (ராமர் பாலம்) வரை ஆறு புள்ளிகளை அட்சரேகை, தீர்க்கரேகையோடு தருகிறது. ஒரு கடல் வரைபடத்தை எடுத்து அந்தப் புள்ளிகளைப் பென்சிலால் குறித்து, கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுவதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். 4ஆவது ஷரத்து, கோட்டின் அவரவர் பக்கத்தில் உள்ள நீர்ப்பரப்பும் தீவுகளும் அவரவர் இறையாண்மைக்கு உட்பட்டவை என்கிறது. 'கொடுக்கிறோம்' என்ற சொல் எங்கும் இல்லை. கோடு போட்டதிலேயே தீவு போய்விட்டது. நான் முதல்முறை படித்தபோது இந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

தீவின் பெயர் வருவது 5ஆவது ஷரத்தில். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், அதற்கு இலங்கையின் விசாவோ பயண ஆவணமோ வேண்டாம் என்கிறது. தீவிலுள்ள அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் காட்டுவது இதைத்தான். ஆனால் 'வந்து போகலாம்' என்றுதான் இருக்கிறது, 'மீன் பிடிக்கலாம்' என்று இல்லை. 6ஆவது ஷரத்தோ, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீர்ப்பரப்பில் வழிவழியாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது. நம்மவர்கள் உரிமை கோருவது இந்த வரியை வைத்துத்தான்.

ஐந்தாம் படி: கூடவே வந்த கடிதங்களைத் தேடுங்கள்

இதை மட்டும் விட்டுவிடவே கூடாது. மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை வகுக்கும் இன்னொரு ஒப்பந்தம் 1976 மார்ச் 23 அன்று டெல்லியில் கையெழுத்தானது. அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒரு நாட்டின் மீனவர்களும் மீன்பிடிப் படகுகளும் மற்ற நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பில், கடல் எல்லையில், தனிப்பொருளாதார மண்டலத்தில் (மீன்வளம் போன்றவை ஒரு நாட்டுக்கே உரிய கடற்பகுதி) வெளிப்படையான அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது என்ற வாசகம் இருப்பது அந்தக் கடிதங்களில்தான். ஒப்பந்தத்தை மட்டும் படித்தால் இது கண்ணில் படாது. எந்த ஒப்பந்தத்தை எடுத்தாலும் இணைப்பு, கடிதப் பரிமாற்றம், துணை ஒப்பந்தம் மூன்றும் உண்டா என்று பாருங்கள்.

ஆறாம் படி: உள்நாட்டுப் பதிவுகள்

இந்தியாவில் ஒப்பந்தம் போடுவது ஒன்றிய அரசின் அதிகாரம். நாடாளுமன்றம் முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் நாடாளுமன்ற மின்நூலகத்தில் விவாதங்கள் கிடைக்கும். 1974 ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அளித்த அறிக்கையையும் அன்று எழுந்த எதிர்ப்பையும் அங்கே படிக்கலாம். சில வகை ஒப்பந்தங்கள், உதாரணமாக ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் வரி போடாமல் தடுக்கும் இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தங்கள், அரசிதழில் வரும். எங்கும் கிடைக்காத ஆவணத்துக்குப் பத்து ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெளியுறவு அமைச்சகத்திடம் கேளுங்கள். வெளிநாட்டு உறவைக் காட்டி மறுக்க அந்தச் சட்டத்தின் 8ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆகவே ஒப்பந்தத்தின் பெயரையும் தேதியையும் மட்டும் குறிப்பிட்டு, நகல் வேண்டும் என்று சுருக்கமாக எழுதுங்கள்.

பழகிக்கொள்ள ஒரு பயிற்சி: 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுங்கள். திருகோணமலை எண்ணெய்ச் சேமிப்புத் தொட்டிகளைப் பற்றிய வாசகம் எந்தத் தாளில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.