வெடிலியாவை வெட்டாதீர்கள், கணுவோடு எடுங்கள்

காட்பாடியில் எங்கள் வீட்டுச் சுவரோரம் அழகுக்காக நாலு துண்டு வெடிலியா என்ற படர்கொடியை நட்டோம். பளபளக்கும் பச்சை இலை, மஞ்சள் பூ, தண்ணீர்கூட அதிகம் கேட்காது. இரண்டு மழைக்காலத்துக்குள் பக்கத்திலிருந்த துளசியும் கீழாநெல்லியும் அதற்கடியில் மறைந்துவிட்டன. மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி இது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலிலும் இருக்கிறது.

ஒரு கொடியைத் தூக்கிப் பாருங்கள். மண்ணைத் தொட்ட கணுவிலெல்லாம் கொத்தாக வேர் இருக்கும். இது பரவுவது பெரும்பாலும் விதையால் அல்ல, இந்தக் கணுக்களால்தான். அதனால் அரிவாளால் நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் புதுச் செடியாகிவிடும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது களைக்கொத்தால் நெம்பி, வேரோடு மொத்தமாக எடுங்கள். அப்புறம் மொட்டை மாடியில் பரப்பிக் காயவையுங்கள். வேலூர் வெயிலுக்குச் சீக்கிரம் சருகாகிவிடும். பச்சையாகக் கால்வாயிலோ பாலாற்றங்கரையிலோ மட்டும் கொட்டிவிடாதீர்கள், அங்கேயே வேர்பிடிக்கும்.

இன்னொன்று, இதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துக் கீரைக்குப் பறிக்காதீர்கள். பூ ஏறக்குறைய அப்படியே இருக்கும், இலையில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கரிசலாங்கண்ணி இலை குறுகி நீண்டிருக்கும். வெடிலியா இலை அகலமாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும்.

எடுத்த இடத்தை இரண்டு மூன்று மாதம், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஒருமுறை பார்த்து, தலைகாட்டும் துளிரைக் கையால் பிடுங்குங்கள்.