கார் சர்வீஸ் எஸ்டிமேட்ல எதுக்கு ஓகே சொல்லணும், எதை வேணாம்னு சொல்லணும்

காலைல சர்வீஸ் சென்டர்ல காரை விட்டுட்டு வந்தா மத்தியானத்துக்குள்ள வாட்ஸப்ல எஸ்டிமேட் வந்துரும், பின்னாடியே அட்வைசர் போன் பண்ணி "சார் அப்ரூவல் குடுத்தீங்கன்னா வேலைய ஆரம்பிச்சிருவோம்"னு நிப்பாரு. பாதி பேரு டோட்டலை மட்டும் பார்த்துட்டு சரி பண்ணுங்கன்னு சொல்லிடறோம், மீதி பேரு கடுப்பாகி ஆயில் மட்டும் மாத்துங்க போதும்னு சொல்லிடறோம். ரெண்டுமே சரியில்ல. இந்த மாதிரி எஸ்டிமேட் வரிவரியா படிச்சு பார்த்தீங்கன்னா இன்ஜின் டிரஸ்ஸிங், டெஃப்லான் கோட்டிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட்னு பளபளன்னு பேர் வச்ச வேலையெல்லாம் இருக்கும், ஆனா நாலு வருஷமா மாத்தாத பிரேக் ஆயில் பத்தி ஒரு வரி இருக்காது. எனக்கு இதுலதான் ரொம்ப வருத்தம். வேணாத வேலைக்கு காசு போறது ஒரு பக்கம்னா, வேண்டிய வேலை சத்தமில்லாம விட்டுப்போறது அதைவிட மோசம்.

முதல்ல பண்ண வேண்டியது டேஷ்போர்டு டிராயருக்குள்ள கவர் கூட பிரிக்காம கிடக்குற ஓனர்ஸ் மேனுவலை வெளிய எடுக்கறது. தொலைஞ்சு போச்சுன்னா பெரும்பாலான கம்பெனி வெப்சைட்லயே உங்க மாடலுக்கு பிடிஎஃப் கிடைக்கும். கடைசி பக்கங்கள் பக்கம் மெயின்டனன்ஸ் ஷெட்யூல்னு ஒரு டேபிள் இருக்கும், மேல கிலோமீட்டரும் மாசமும், பக்கவாட்டுல ஒவ்வொரு பார்ட்டு பேரும், கட்டத்துக்குள்ள ஐ இல்லன்னா ஆர்னு ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்து. ஐன்னா செக் பண்ணி பார்க்கணும், தேவைப்பட்டா சுத்தம் பண்ணணும் இல்ல மாத்தணும். ஆர்னா கண்டிப்பா மாத்தணும். எஸ்டிமேட்ல நடக்குற முக்கால்வாசி விளையாட்டு இந்த ரெண்டு எழுத்துக்குள்ளதான். ஐ போட்டிருக்குற ஏர் ஃபில்டரை வெளிய எடுத்து தட்டிட்டு திரும்ப போட்டா போதும், ஆனா எஸ்டிமேட்ல அது புது ஃபில்டரா வந்து நிக்கும். அதனால போன் வந்ததும் டேபிளை திறந்து வச்சுக்கிட்டு உங்க கிலோமீட்டர் போட்டிருக்குற வரிசைல மேலேந்து கீழ விரலை வச்சு பார்த்துட்டே வாங்க, அஞ்சு நிமிஷ வேலை.

ரெண்டு விஷயம் கவனிக்கணும் இதுல. ஒண்ணு, 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாசம், எது முன்னாடி வருதோ அதுன்னு போட்டிருப்பாங்க. என் கார் வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுது, எதுக்கு ஆயில் மாத்தணும்னு கேக்குறவங்க நிறைய பேர் இருக்காங்க. கோவிலுக்கும் மளிகை கடைக்கும் மட்டும் போற வண்டில இன்ஜின் முழுசா சூடாகவே சூடாகாது, அதனால உள்ள சேர்ற ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி போகாம ஆயில்லயே தங்கிரும், ஓடாத வண்டிக்கும் வருஷம் ஒருதடவை மாத்தித்தான் ஆகணும். இன்னொண்ணு, அதே மேனுவல்ல சிவியர் கண்டிஷன்னு தனியா ஒரு டேபிள் இருக்கும், தூசி ரோடு, குறைஞ்ச தூரம் மட்டும் ஓட்டறது, டிராஃபிக்ல நின்னு நின்னு போறதுன்னு அதுக்கான லிஸ்ட்டும் போட்டிருப்பாங்க. மெட்ரோ வேலை நடக்குற சென்னை ரோட்டுல டெய்லி ஆபீஸ் போறவங்க எல்லாரும் அந்த டேபிள்ல வர்றவங்கதான். அவங்களுக்கு ஆயிலும் ஏர் ஃபில்டரும் கொஞ்சம் சீக்கிரம் மாத்தச் சொன்னா அதுல நியாயம் இருக்கு, உடனே ஏமாத்தறாங்கன்னு சண்டைக்கு போகாதீங்க.

இப்ப விடவே கூடாத வேலைங்க. இன்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் சேர்த்துதான் மாத்தணும், இதுல பேசறதுக்கு ஒண்ணும் இல்ல, கிரேடு மட்டும் பாருங்க. மேனுவல்ல 0டபிள்யூ-20ன்னு போட்டிருந்தா அதேதான் ஊத்தணும், கெட்டியா இருந்தா இன்ஜினுக்கு நல்லதுன்னு யாராவது 20டபிள்யூ-50 ஊத்தினா ஒத்துக்காதீங்க, அது பழைய கால வண்டிக்கு. ஃபுல் சிந்தெட்டிக் போட்டா இன்னும் நல்லதுன்னு சொல்லி விலையை ஏத்துவாங்க, மேனுவல் கேக்குற கிரேடும் ஸ்டாண்டர்டும் டப்பா மேல இருக்கான்னு பாருங்க, இருந்தா அதுக்கு மேல காசு போட வேண்டியதில்ல.

பிரேக் ஆயில் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும். இது காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சற திரவம், வண்டி நின்னுட்டே இருந்தாலும் மெதுவா உறிஞ்சிக்கிட்டே இருக்கும். டாட் 3, டாட் 4ன்னு இதுல ரகம் இருக்கு, டப்பா மூடி மேலயே போட்டிருக்கும். புது டாட் 3 ஆயில் கொதிக்கணும்னா குறைஞ்சது 205 டிகிரி சூடு வேணும், ஈரம் ஏறினப்புறம் அது 140 வரைக்கும் இறங்கலாம். டாட் 4ன்னா 230லேந்து 155. சிட்டிக்குள்ள ஓட்டற வரைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுலயோ வால்பாறை 40 வளைவுலயோ குடும்பத்தோட இறங்கறப்ப பிரேக் மிதிச்சுக்கிட்டே வந்தீங்கன்னா அந்த சூட்டுல ஆயில் கொதிச்சு உள்ள நீராவி குமிழ் உண்டாகும், குமிழ் அமுங்கிரும், பிரேக் பிடிக்காது, பெடல் அப்படியே தரை வரைக்கும் போகும். செகண்ட் கியர்ல இறங்குங்கன்னு பெரியவங்க சொல்றது இதுக்குத்தான். பெரும்பாலான வண்டிக்கு ரெண்டு வருஷம் வாக்குல மாத்தச் சொல்லி மேனுவல்லயே இருக்கும், செலவும் கம்மி, இன்ஜின் டிரஸ்ஸிங்குக்கு கேக்குற காசை ஒட்டித்தான் வரும்.

பானெட்டை திறந்து டிரைவர் பக்கம் பின்னாடி பாருங்க, மஞ்சளா இல்ல கறுப்பா மூடி போட்ட சின்ன வெள்ளை டப்பா இருக்கும், பக்கத்துல மின் மேக்ஸ்னு ரெண்டு கோடு. புதுசா ஊத்தினது வெளிர் மஞ்சளா இருக்கும், டீ டிகாக்ஷன் மாதிரி கருத்துப்போயிருந்தா நாளாச்சுன்னு அர்த்தம். கலர் நல்லா இருக்குன்னு மட்டும் நம்பிடக்கூடாது, ஈரம் கண்ணுக்கு தெரியாது, தேதிதான் கணக்கு. லெவல் கம்மியா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு டாப் அப் பண்ண விடாதீங்க. பிரேக் பேட் தேய்ஞ்சாலும் லெவல் இறங்கும், எங்கயாவது லீக் இருந்தாலும் இறங்கும், ரெண்டுல எதுன்னு பார்த்துட்டுதான் ஊத்தணும்.

அடுத்தது டைமிங் பெல்ட், இன்ஜினுக்குள்ள பிஸ்டனும் வால்வும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம சரியான நேரத்துல ஓட வைக்கிறது. உங்க இன்ஜின்ல பெல்ட்டா செயினான்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. மாருதி கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின் எல்லாம் செயின், அதை கிலோமீட்டர் கணக்கு வச்சு மாத்த வேண்டியதில்ல. பழைய சாண்ட்ரோ ஜிங், பழைய 2.5 டீசல் இன்னோவா எல்லாம் பெல்ட். பெல்ட் வண்டில மேனுவல் சொன்ன நேரத்துக்கு மாத்தாம விட்டு ஓடிட்டு இருக்கும்போது அறுந்துச்சுன்னா பல இன்ஜின்ல பிஸ்டன் போய் வால்வுல இடிச்சு வால்வு வளைஞ்சிரும், அதுக்கப்புறம் ஹெட்டை கழட்டற செலவு. வெளிய நல்லாத்தான் இருக்குன்னு மெக்கானிக் சொன்னாலும் கேக்காதீங்க, பெல்ட் முன்கூட்டி சொல்லிட்டு அறுந்துபோறதில்ல. செகண்ட் ஹேண்டுல வாங்கின வண்டின்னா இதைத்தான் முதல்ல விசாரிக்கணும்.

இன்ஜின் சூட்டை எடுத்துட்டு போற கூலன்ட்டும் விடக்கூடாததுதான், சில கம்பெனி பல வருஷம் தாங்கறதை ஃபேக்டரிலயே ஊத்தி அனுப்பறாங்க, சிலது ரெண்டு மூணு வருஷம், மேனுவல் பார்த்துக்கோங்க, வெறும் தண்ணி ஊத்தாதீங்க. ஸ்பார்க் பிளக் சாதா ரகம்னா 40,000 கிலோமீட்டர் வாக்குல, இரிடியம்னா 1,00,000 கூட ஓடும், அதனால எந்த பிளக் இருக்குன்னு கேக்காம மாத்த ஒத்துக்காதீங்க. ஆட்டோமேட்டிக் வண்டி வச்சிருக்கவங்க கியர்பாக்ஸ் ஆயில் பத்தி கண்டிப்பா கேளுங்க, அதுலயும் சிவிடின்னு சொல்ற ஆட்டோமேட்டிக் ரகம்னா தப்பான ஆயில் ஊத்தினாலும் மாத்தாம விட்டாலும் பெரிய செலவு. சிஎன்ஜி வண்டிக்கு சிலிண்டர் டெஸ்ட் 3 வருஷத்துக்கு ஒருதடவை, அது சட்டம்.

எஸ்டிமேட்ல வர்ற மத்த வரிகளுக்கு ஒரே ஒரு கேள்வி போதும். "இது மேனுவல்ல எந்த பக்கத்துல இருக்கு, இல்லன்னா இப்ப என் வண்டில என்ன பிரச்சனைக்காக பண்றீங்க?" பொறுமையா மரியாதையாவே கேளுங்க, அட்வைசருக்கும் மேலேந்து டார்கெட் இருக்கும், அவர் மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல. ரெண்டுக்கும் பதில் வரலைன்னா அந்த வரி வேணாம்னு எழுத்துலயே அனுப்பிடுங்க.

பழைய ஆயிலை இறக்கறதுக்கு முன்னாடி மருந்து ஊத்தி இன்ஜின் உள்பக்கத்தை கழுவற இன்ஜின் ஃபிளஷ் அதுக்கு நல்ல உதாரணம். ஒழுங்கா ஆயில் மாத்தற இன்ஜின்ல கழுவி எடுக்க ஒண்ணும் இல்ல. மாத்தாம விட்ட பழைய இன்ஜின்ல உள்ள படிஞ்சிருக்குற கசடு ஒரேயடியா பேர்ந்து வந்து ஆயில் பம்ப் வலையை அடைக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால அங்கயும் நல்லதில்ல. இன்ஜின் டிரஸ்ஸிங் வெறும் பளபளப்பு. டயருக்கு நைட்ரஜன் போட சொல்லுவாங்க, சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பிரஷர் செக் பண்றதுதான் டயருக்கு முக்கியம்.

ஏசி கேஸ் விஷயத்துல நம்ம ஊர்ல ஏமாறாத ஆளே கம்மி. ஏப்ரல் வந்தா போதும், கூலிங் கம்மியா இருக்கு, கேஸ் ஃபில் பண்ணணும்னு சொல்லுவாங்க. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோற பொருள் கிடையாது, மூடின குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கறது. ரொம்ப வருஷத்துல கொஞ்சமா கசியறது வேற, ஆனா வருஷா வருஷம் கேஸ் ஏத்தற மாதிரி இருந்தா எங்கயோ லீக் இருக்குன்னு அர்த்தம், லீக்கை அடைக்காம ஏத்தினா அடுத்த வெயிலுக்கு திரும்பவும் அதே பில். கூலிங் கம்மின்னா நீங்களே மொதல்ல கேபின் ஃபில்டரை பாருங்க. நிறைய கார்ல அது டேஷ்போர்டு டிராயருக்கு பின்னாடிதான் இருக்கும். டிராயரை காலி பண்ணிட்டு ரெண்டு பக்கத்தையும் உள்பக்கமா அழுத்தினா கீழ தொங்கும், பின்னாடி நீளமா ஒரு மூடி, கிளிப்பை அழுத்தி மூடியை எடுத்தா ஃபில்டர் சருகும் தூசியுமா வெளிய வரும். புதுசு போடறப்ப அது மேல ஒரு அம்புக்குறி இருக்கும், பழசு எந்த பக்கம் பார்த்து இருந்துச்சோ அதே பக்கம் பார்த்து சொருகுங்க. லேபர் மிச்சம், காத்தும் நல்லா வரும்.

சில வேலை வண்டிய பொறுத்து. இன்ஜினுக்குள்ள காத்து போற வழியை சுத்தம் பண்ற த்ராட்டில் பாடி கிளீனிங், வண்டி நின்னு இன்ஜின் மட்டும் ஓடறப்ப ஆர்பிஎம் முள் ஏறி இறங்கினாலோ சிக்னல்ல ஆஃப் ஆனாலோ பண்ணலாம், ஒழுங்கா ஓடற வண்டிக்கு தேவையில்ல. வீல் அலைன்மென்ட் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தா, டயர் ஒரு ஓரமா தேய்ஞ்சா, பெரிய பள்ளத்துல விட்டிருந்தா கண்டிப்பா பாருங்க. டயர் காடிக்குள்ள 1.6 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு சின்ன மேடு இருக்கும், தேய்மானம் அந்த மட்டத்துக்கு வந்துட்டா அதுக்கப்புறம் மழைல ஓட்டாதீங்க. பின்னாடி டிரம் பிரேக்கை கழட்டி சுத்தம் பண்றது நம்ம தூசிக்கு நல்லதுதான். அன்டர்பாடி கோட்டிங் ஈசிஆர் ஓரமா, தூத்துக்குடி நாகப்பட்டினம் மாதிரி கடல் காத்து அடிக்கிற இடத்துல இருக்குறவங்க யோசிக்கலாம், கோயம்புத்தூர்ல இருக்குறவருக்கு எதுக்கு.

வாரண்டி போயிரும்னு பயமுறுத்தினா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, வாரண்டிக்கு மேனுவல் ஷெட்யூல்ல இருக்குற சர்வீஸை சரியான நேரத்துல பண்ணி பில் வச்சிருக்கணும், டெஃப்லான் கோட்டிங் பண்ணலைன்னு யாரும் வாரண்டியை மறுக்க முடியாது. வாரண்டி இருக்குற வரைக்கும் கம்பெனி சர்வீஸ்லயே ஷெட்யூல் வேலைய மட்டும் பண்ணிக்கிட்டு, முடிஞ்சப்புறம் நம்பிக்கையான வெளி மெக்கானிக்கிட்ட போறது எனக்கு சரின்னு படுது. வெளி மெக்கானிக்குங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸும் டூல்ஸும் கிடைக்கவிடாம பண்றாங்கன்னு சொல்லி 2014 ஆகஸ்ட்ல காம்பெடிஷன் கமிஷன், அதாவது வியாபாரத்துல போட்டி நியாயமா நடக்குதான்னு பார்க்கற மத்திய அரசு அமைப்பு, 14 கார் கம்பெனிங்களுக்கு சுமார் 2,545 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு, கம்பெனிங்க அப்பீலுக்கும் போனாங்க, ஆனா வெளிய போறது குத்தம்ங்கற மாதிரி பேசறவங்ககிட்ட இதை ஞாபகப்படுத்தலாம். கம்பெனி ஜெனியூன் பார்ட்ஸே சென்னை ஜிபி ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்கள்ல கிடைக்குது, பிளக்குக்கு என்ஜிகே, ஃபில்டருக்கு பாஷ் மாதிரி தெரிஞ்ச பிராண்டும் இருக்கு.

வண்டிய விடறப்பவே ஜாப் கார்டுல என்னென்ன வேலைன்னு எழுத வச்சு, கேக்காம எதுவும் சேர்க்கக்கூடாதுன்னு ஒரு வரி போட்டு, ஓடோமீட்டரை போட்டோ எடுத்துக்கோங்க. கழட்டின பழைய பார்ட்ஸை டிக்கில வச்சு குடுக்க சொல்லுங்க, இதை சொன்னாலே ஐயும் ஆரும் குழம்பாது.

ஹிஸ்டரியே இல்லாத பழைய வண்டி வாங்கினவங்களுக்கு மட்டும் மேல சொன்ன கணக்கு பொருந்தாது. ஓனர் என்ன சொன்னாலும் இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், கியர் ஆயில், எல்லா ஃபில்டரும், பெல்ட் வண்டின்னா பெல்ட்டும் ஒரே மூச்சுல மாத்திருங்க, அன்னிக்கு தேதியையும் கிலோமீட்டரையும் மேனுவல் கடைசி பக்கத்துல பேனாவால எழுதி வச்சுட்டு அங்கேந்து டேபிளை ஃபாலோ பண்ணுங்க.