வெளிப்புற மோஷன் சென்சார்: வாங்கும்போதும் மாட்டும்போதும் நடக்கும் தவறுகள்

வீட்டுக்கு வெளியே மோஷன் சென்சார் மாட்டியவர்கள் கொஞ்ச நாளில் அதை அணைத்து வைத்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான். திருடன் வந்தும் அலாரம் அடிக்கவில்லை என்பதற்காக அல்ல. பூனை, காற்று, மழை, தெருவில் போகும் வண்டி என்று எதற்கெடுத்தாலும் அடித்ததற்காக. இப்படி வரும் வீண் அலாரங்களில் பெரும்பகுதிக்குச் சென்சாரின் தரம் காரணமில்லை. அதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்க்காமல் இடத்தையும் வகையையும் தேர்ந்தெடுத்ததுதான் காரணம்.

சென்சாருக்கு ஆளைத் தெரியாது. தன் முன்னால் ஏற்படும் மாற்றம் மட்டும்தான் தெரியும். அது எந்த மாதிரி மாற்றம் என்பது வகைக்கு வகை மாறும்.

அதிகம் விற்பது பிஐஆர் (PIR, passive infrared) வகை. இது எந்தக் கதிரையும் வெளியே அனுப்புவதில்லை. பொருள்களிலிருந்து வரும் அகச்சிவப்பு வெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மனித உடலின் வெப்பக்கதிர் 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சமாக இருக்கும் என்பதால், அதையொட்டிய பகுதிக்கு ஏற்ற வடிகட்டி உள்ளே இருக்கும். முன்பக்கம் தெரியும் வரிவரியான பிளாஸ்டிக் லென்ஸ், பார்க்கும் பரப்பை விரல்கள் போலப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு வெப்பம் நகர்ந்தால்தான் சிக்னல் வரும்.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. கேட்டை நேராகப் பார்க்கும்படி வாசல் சுவரில் சென்சாரை மாட்டுவார்கள். பார்க்க அதுதான் நியாயமாகவும் தோன்றும். ஆனால் கேட்டிலிருந்து நேராக நடந்து வருபவர் கிட்டத்தட்ட ஒரே பட்டைக்குள்ளேயே வருகிறார். மிக அருகில் வந்த பிறகே சென்சார் விழிக்கும். அதே சென்சாரைப் பக்கச் சுவரில் மாட்டி, நடைபாதை அதன் பார்வைக்குக் குறுக்கே போகும்படி வைத்தால் தூரத்திலேயே பிடித்துவிடும். மைக்ரோவேவ் வகை இதற்கு நேர் எதிர். அது அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாறுகிறதா என்று பார்ப்பதால், நேராக நெருங்கி வரும் ஆளை நன்றாகப் பிடிக்கும். குறுக்கே போகிறவரிடம் சற்று மந்தம்.

இரண்டையும் சேர்த்த ‘டூயல்’ சென்சார் வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பதும் சரியில்லை. பெரும்பாலான டூயல் சென்சார்களில் இரண்டும் ஒரே சமயத்தில் ஒத்துக்கொண்டால்தான் அலாரம். வீண் அலாரம் குறையும், உண்மைதான். அதே சமயம் இரண்டில் ஒன்று மந்தமாக இருக்கும் திசையில் மொத்த சென்சாரும் மந்தமாகிவிடும். இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்கும் வேலை அப்படியே பாக்கி இருக்கிறது.

பெட்டியில் போட்டிருக்கும் தூரம்

12 மீட்டர் என்று போட்டிருந்தால், அது சாதகமான சூழலில் கிடைக்கும் தூரம். பிஐஆர் பார்ப்பது உடலுக்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை. வெயிலில் காய்ந்த தரையும் சுவரும் மாலையில் ஏறக்குறைய தோலின் வெப்பநிலைக்கு, அதாவது 33 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும்போது அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். தூரமும் கூடவே சுருங்கும். வெப்பநிலை ஈடுசெய்யும் வசதி உள்ள சென்சார்கள் அந்த நேரத்தில் உணர்திறனைக் கூட்டிச் சமாளிக்கும். ஆனால் இல்லாத வித்தியாசத்தை எந்த மின்சுற்றாலும் உண்டாக்க முடியாது. ஆகவே 10 மீட்டர் தேவைப்படும் இடத்துக்கு 10 மீட்டர் சென்சார் வாங்காதீர்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். உணர்திறன் திருகைக் குறைத்தால் தூரம் குறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பிஐஆருக்குத் தூரத்தை அளக்கத் தெரியாது. அருகில் நிற்கும் சிறிய வெப்பமும் தூரத்தில் போகும் பெரிய வெப்பமும் அதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். தெருவில் பஸ் போனால் அலாரம் அடிக்கிறது என்றால் பார்வை சுற்றுச்சுவரைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம். சென்சாரைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பட்டைகள் உங்கள் மனைக்குள்ளேயே தரையில் முடியும்படி செய்யுங்கள். உணர்திறனைக் குறைத்துக்கொண்டே போனால் பஸ்ஸுக்கு அடிப்பது நிற்காது. ஆளுக்கு அடிப்பதுதான் நின்றுபோகும்.

நாய், பூனை

‘இத்தனை கிலோ வரை செல்லப்பிராணிக்கு அடிக்காது’ என்ற வாசகத்தை அப்படியே நம்ப வேண்டாம். சென்சார் எடை பார்ப்பதில்லை. நல்ல வெளிப்புற மாடல்களில் மேலும் கீழுமாக இரண்டு பார்வை அடுக்குகள் இருக்கும். இரண்டும் ஒன்றாகத் தூண்டப்பட்டால்தான் அலாரம். தரையில் நடக்கும் நாய் கீழ் அடுக்கை மட்டும் தொடும். மேல் அடுக்கு அமைதியாக இருக்கும். இந்தக் கணக்கு முழுவதும் மாட்டும் உயரத்தை நம்பியிருக்கிறது. சில மாடல்களை இடுப்பு உயரத்தில் மாட்ட வேண்டும், சிலவற்றை 2 மீட்டருக்கு மேல். கையேட்டில் உள்ள உயரத்தை விட்டுவிட்டு, ‘கைக்கு எட்டாமல் இருக்கட்டும்’ என்று அரை மீட்டர் ஏற்றினாலே கணக்கு கெட்டுவிடும். தரை சரிவாக இருந்தாலும் அப்படித்தான். மேடான பக்கத்தில் நடக்கும் நாய் மேல் அடுக்கையும் தொட்டுவிடும்.

பூனைக்கு இன்னொரு வழி உண்டு, சுவர் மேல் நடப்பது. சென்சாருக்கு அருகில் மதில், படிக்கட்டு, அடுக்கிய பெட்டிகள் இருந்தால் இரண்டு அடுக்குகளுக்கும் முன்னால் பூனை வந்து நிற்கும். எந்தத் தொழில்நுட்பமும் அங்கே உதவாது. இடத்தை மாற்ற வேண்டியதுதான்.

பீம் போடும்போது

நீளமான மதில் ஓரத்துக்கு அகச்சிவப்பு பீம்தான் என் தேர்வு. ஒரு முனையில் அனுப்பி, மறுமுனையில் வாங்கி, நடுவில் கதிர் மறைந்தால் அலாரம். எல்லைக்கோடு தெளிவாக இருக்கும், தெருவைப் பார்க்காது. பறவைக்கும் பறக்கும் இலைக்கும் அடிக்காமலிருக்க ஒற்றைக் கதிரை விட்டுவிட்டு, இரண்டு அல்லது நான்கு கதிர்களும் ஒன்றாக மறைந்தால் மட்டும் அடிப்பதை வாங்க வேண்டும்.

இதில் அதிகம் கெடுப்பது மறைவு நேர அமைப்பு. கதிர் எவ்வளவு நேரம் மறைந்தால் அலாரம் என்பதைப் பல மாடல்களில் மாற்றிக்கொள்ளலாம். பறவைத் தொல்லைக்குப் பயந்து அதை அரை நொடிக்கு ஏற்றிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுபவரின் உடல் பருமன் 25 செ.மீ. என்றால், கதிர் மறையும் நேரம் 50 மில்லிநொடிதான். அரை நொடி அமைப்பில் அவர் சத்தமில்லாமல் கடந்துவிடுவார். நடந்து மட்டுமே கடக்க முடிகிற, புதர் மண்டிய இடமாக இருந்தால் நேரத்தைக் கூட்டலாம். திறந்த வெளியில் கூட்டக்கூடாது.

வாங்கும் முனை கிழக்கையோ மேற்கையோ நேராகப் பார்த்தால் காலை, மாலை வெயில் லென்ஸுக்குள்ளேயே இறங்கும். முனைகளை மாற்றிப் போட்டாலும் வேறொரு வேளையில் அதே தொல்லை வரலாம் என்பதால், கொஞ்சம் கோணம் மாற்றி அமைப்பது நல்லது. பனிமூட்டம் உள்ள இடத்துக்குத் தேவையான தூரத்தைவிட மிக அதிகத் தூரத்துக்கான பீமை வாங்குங்கள். காற்றில் ஆடும் மெல்லிய கம்பத்தில் மாட்டிய பீம் விரைவில் நேர்கோடு தவறிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி போட்டால் சேனலை (கதிரின் அடையாள அலைவரிசையை) வேறு வேறாக வையுங்கள், இல்லையென்றால் ஒன்றின் கதிரை மற்றது வாங்கிக்கொள்ளும்.

ஒயரும் தண்ணீரும்

அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான பேனலிலிருந்து தூரமாகச் சென்சார் போடும்போது மின்னழுத்த இழப்பை யாரும் நினைப்பதில்லை. 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 100 மீட்டர் ஓடினால், போகவும் வரவுமாகச் சேர்த்து ஏறக்குறைய 7 ஓம் மின்தடை. 30 மில்லிஆம்பியர் இழுக்கும் ஒரு சென்சாருக்கு இழப்பு 0.2 வோல்ட்தான், கவலையில்லை. அதே ஒயரின் கடைசியில் பத்து சென்சார்களைக் கோத்தால் 2 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். மின்சாரம் இருக்கும்வரை எல்லாம் ஓடும். மின்சாரம் போய் பேட்டரி இறங்கத் தொடங்கியதும் கடைசியில் இருக்கும் சென்சார்கள் முதலில் தடுமாறும்.

ஒயர் ஷார்ட் ஆனாலோ அறுந்தாலோ பேனல் கண்டுகொள்வதற்காகச் சென்சார் ஒயரின் கடைசியில் போடும் ரெசிஸ்டரை (end-of-line resistor) பேனலுக்குள் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கான இடம் சென்சாருக்குள். பேனலில் இருந்தால் நடுவழியில் ஒயரை ஷார்ட் செய்தாலும் பேனலுக்குத் தெரியாது. மூடியைத் திறந்தால் தெரிவிக்கும் டேம்பர் இணைப்பையும் விட்டுவிடக்கூடாது. சென்சார் வெளியே, யார் கையும் எட்டும் இடத்தில் இருக்கிறது.

கேபிள் சென்சாருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். தண்ணீர் அங்கே சொட்டிவிடும். நுழைவாயை நன்றாக அடைத்துவிடுங்கள். எறும்பும் சிலந்தியும் உள்ளே குடியேறினால் நள்ளிரவு அலாரத்துக்குக் காரணம் தேடி அலைவீர்கள். ஆனால் கீழே உள்ள வடிகால் துளையை சிலிகோன் பசை வைத்து அடைத்துவிடாதீர்கள், உள்ளே வியர்க்கும்.

சோதித்துப் பார்ப்பது

பட்டப்பகலில் நிமிர்ந்து நடந்து, சிவப்பு விளக்கு எரிந்ததும் வேலை முடிந்தது என்று கிளம்புவதுதான் வழக்கம். குனிந்து நடந்து பாருங்கள், தவழ்ந்து பாருங்கள், மதிலை ஒட்டி மெதுவாக நகருங்கள், சென்சாரின் நேர் அடியில் நில்லுங்கள். வெப்பமான மாலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. பேட்டரியில் ஓடும் பல வயர்லெஸ் சென்சார்கள் ஒருமுறை தூண்டப்பட்டதும் சில நிமிடங்கள் தூங்கிவிடும். சோதனை முறைக்கு மாற்றாமல் நடந்து பார்த்தால் கெட்டுப்போன சென்சார் என்றே தோன்றும்.

முதல் சில வாரங்கள் சைரனை இணைக்காமல் விளக்குக்கும் போன் அறிவிப்புக்கும் மட்டும் இணைத்து வைப்பது என் கருத்தில் நல்ல வழி. எந்த நேரத்தில் எது தூண்டுகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும்: ஏசியின் அவுட்டோர் யூனிட் விடும் வெப்பக் காற்றா, வெயிலில் காய்ந்து காற்றில் ஆடும் கிளையா, திரும்பும் வண்டியின் ஹெட்லைட்டா என்று. செடி வளரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மாட்டிய அன்று இல்லாத கிளை அடுத்த பருவத்தில் பார்வைக்கு நடுவில் நிற்கும்.

லென்ஸைத் துடைக்க ஈரத்துணி போதும். தின்னர், ஸ்பிரிட் வேண்டாம். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது சென்சாரை மூடி வைத்து, முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். லென்ஸ் மேல் பெயின்ட் பட்டுவிட்டால் சுரண்டிப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.