கிளவுஸைக் கழற்றும் முன்பே தொடங்க வேண்டும்: பிலிப்பைன்ஸ் கோல்கீப்பர் பயிற்சியாளராக மாறும் வழி

2010 டிசம்பர் 5 அன்று ஹனோயில் வியட்நாமை பிலிப்பைன்ஸ் 2-0 என்று வென்றபோது கோல் காத்தவர் நீல் எதரிட்ஜ். 2018 ஆகஸ்டில் அவரே கார்டிஃப் சிட்டிக்காக இங்கிலாந்து பிரீமியர் லீகில் இறங்கி, முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஆட்டத்துக்கு ஒன்றாக கேலம் வில்சன், கெனெடி இருவருடைய பெனால்டி உதையையும் தடுத்தார். 2022 ஜனவரியில் புனேயில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பைக் காலிறுதியில் பிலிப்பைன்ஸ் கோல்கீப்பர் ஒலிவியா மெக்டேனியல் சீன தைபே அணியின் பெனால்டிகளைத் தடுத்ததோடு, தானும் ஒன்றை உதைத்து உள்ளே போட்டார். மகளிர் உலகக் கோப்பைக்கான கதவு பிலிப்பைன்ஸுக்கு அன்றுதான் திறந்தது.

இப்படிப்பட்ட கைகளுக்குள் இருக்கும் அறிவு, ஆள் ஓய்வு பெறும்போது கூடவே போய்விடக் கூடாது. கோல்கீப்பர் செய்வதில் பெரும்பகுதி உடம்புக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. பயிற்சியாளராக மாறுவது என்றால் அந்த உடம்பறிவைச் சொல்லாக மாற்றுவது. அதற்கு நாளாகும். ஆடிக்கொண்டிருக்கும் கடைசி இரண்டு வருடங்களிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

முதல் வேலை ஒரு நோட்டு. வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: பந்து எங்கிருந்து வந்தது, நீங்கள் கோட்டிலிருந்து எத்தனை அடி முன்னே நின்றீர்கள், உதைக்கும் நொடியில் கால் நிலைத்திருந்ததா அசைந்துகொண்டிருந்ததா, என்ன முடிவெடுத்தீர்கள். ஒரு சீசன் எழுதினால் போதும், ஒரே தவறு பல வேஷத்தில் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். அந்தத் தவறுதான் உங்கள் முதல் பாடத்திட்டம்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரே வழியில் போகாதீர்கள். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, புரோ என்ற பொதுப் பயிற்சியாளர் லைசென்ஸ் ஏணி ஒன்று. கோல்கீப்பிங் பயிற்சிக்கென்று தனிச் சான்றிதழ்கள் இன்னொன்று. இரண்டிலும் கால் வையுங்கள். எந்த வகுப்பு எப்போது, எங்கே என்பதை பிலிப்பைன்ஸ் கால்பந்துச் சம்மேளனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். பல தீவுகள் உள்ள நாடு. இலோய்லோவிலோ செபுவிலோ இருப்பவர் மணிலா இருக்கும் லூசான் தீவில் நடக்கும் வகுப்புக்கு வர வேண்டுமானால் விமானச் செலவும் விடுப்பும் தனிக் கணக்கு.

சி லைசென்ஸ் செய்முறைத் தேர்வில் முன்னாள் கோல்கீப்பர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஆட்டத்தைப் பின்னாலிருந்தே பார்த்துப் பழகியதால், டிஃபென்டர் செய்யும் பிழைக்கு மட்டும் விசில் ஊதி நிறுத்துவார்கள். தாக்கும் அணி இடத்தை எப்படிப் பயன்படுத்துகிறது என்பது கண்ணுக்கே தெரியாது. இதற்கு மருந்து, பத்து பயிற்சி ஆட்டங்களையாவது எதிரணியின் கோலுக்குப் பின்னால் நின்று பார்ப்பது.

இனி, எல்லாரும் எளிதென்று நினைத்து ஏமாறும் விஷயம்: பந்து கொடுப்பது. கோல்கீப்பர் பயிற்சியாளரின் பாதி மதிப்பு அவர் காலில் இருக்கிறது. 16 மீட்டரிலிருந்து, சொன்ன மூலைக்கு, சொன்ன உயரத்தில், பத்தில் எட்டு உதை போக வேண்டும். இரண்டு காலிலும். பக்கவாட்டிலிருந்து வரும் க்ராஸ், கையிலிருந்து விட்டு அடிக்கும் வாலி, தரையோடு உருளும் பந்து என்று தனித்தனியாகப் பழகுங்கள். உதை தவறினால் பயிற்சியே தவறிவிடும்: இடப்பக்கம் டைவ் அடிக்க நின்ற பையன் தலைக்கு மேலே போகும் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

வேகமும் பொறி. ஆறேழு பந்தை வரிசையாக, மூச்சு விடாமல் உதைத்தால் பார்ப்பதற்குக் கடுமையான பயிற்சி போலத் தெரியும். உண்மையில் அந்தக் கோல்கீப்பர் நிலைகொள்ளாமல் துழாவக் கற்றுக்கொள்கிறார். ஒரு சுற்றுக்கு நான்கிலிருந்து ஆறு பந்து, பிறகு ஒரு நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் நிலை பாருங்கள்: பாதங்கள் தோள் அகலம், எடை முன்பாதத்தில், கைகள் இடுப்புக்குச் சற்று மேலே, உதைப்பவரின் கால் பந்தைத் தொடும் நொடியில் உடம்பு அசையாமல். குதிகால் தரையில் ஒட்டியிருந்தால் அடுத்த பந்தை உதைக்காதீர்கள், முதலில் திருத்துங்கள்.

பிலிப்பைன்ஸில் கூடைப்பந்துதான் முதல் விளையாட்டு. கோலுக்கு வரும் பிள்ளையின் கையில் ஏற்கெனவே பந்து பழகியிருக்கும். இதை வரமாக எடுத்துக்கொள்ளுங்கள்: வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) உச்சியில் பறிக்கும் பழக்கம், மைதானத்தின் மூலையிலிருந்து உதைக்கப்படும் கார்னருக்கு அப்படியே உதவும். ஆனால் இரண்டைத் திருத்த வேண்டும். அங்கே பந்தைப் பெரும்பாலும் இரு பக்கமும் பிடிப்பார்கள். இங்கே இரு கட்டைவிரல்களும் நெருங்கி, உள்ளங்கைகள் பந்துக்குப் பின்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகமான பந்து நடுவே புகுந்துவிடும். அங்கே இரு காலாலும் எம்பலாம். இங்கே ஒரு காலில் எம்பி, எதிராளி வரும் பக்கத்து முழங்காலை உயர்த்த வேண்டும். அந்த முழங்கால்தான் கவசம்.

டைவ் கற்றுக்கொடுக்கும்போது மண்டியிட்ட நிலையில் தொடங்கி, குந்திய நிலை, பிறகு நின்ற நிலை என்று போங்கள். முதலில் தரையைத் தொட வேண்டியது காலின் வெளிப்பக்கம், அடுத்து இடுப்பு, பிறகு தோளின் பக்கவாட்டு. முழங்கை முதலில் ஊன்றினால் தோள் அடி வாங்கும், பந்தும் நழுவும். சிறுவர்களுக்கு ஒரு வகுப்பில் பக்கத்துக்குப் பதினைந்து டைவ் தாராளம். செயற்கைப் புல் மைதானத்தில் தோல் உரியும் என்பதால் நீளக் கால்சட்டை கட்டாயம். ஜூன் முதல் நவம்பர் வரை நாட்டின் பல பகுதிகளில் மழைக்காலம். ஈரத் தரையில் பந்து குத்தியதும் வேகம் அதிகம் குறையாமல் சறுக்கும். அந்த நாட்களில் தரைப்பந்தைப் பிடிக்கும்போது ஒரு முழங்காலைப் பின்னால் மடக்கி இடைவெளியை அடைக்கச் சொல்லுங்கள்.

பத்து வயதுப் பிள்ளையை 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள கோலில் நிறுத்துவது அநியாயம். தலைக்கு மேலே பந்து போய்க்கொண்டே இருந்தால் பிள்ளை கோட்டுக்குப் பின்வாங்கவே பழகும். பிறகு அந்தப் பயத்தைப் போக்குவது கடினம். 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பு நட்டு, 2 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டுங்கள். அளவு 4 பந்து போதும்.

கிளவுஸ் பற்றி: புதியதை முதல் முறை போடுமுன் வெதுவெதுப்பான நீரில் அலசி, பயிற்சிக்கு முன் உள்ளங்கையை லேசாக நனைக்கச் சொல்லுங்கள். நிழலில் மட்டும் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் உள்ளங்கை ரப்பரான லேடெக்ஸ் இறுகி வெடிக்கும்.

விதிகள் மாறும்போது பயிற்சியும் மாற வேண்டும். 2025-26 விதிப்படி பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். ஆகவே பிடித்ததும் முதல் இரண்டு விநாடியில் நிமிர்ந்து பார்க்கும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே ஏற்றுங்கள். பெனால்டியில் உதைக்கும் நொடியில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். செல்போனைக் கோட்டுக்கு நேராகத் தரையில் வைத்துப் படமெடுத்தால், முன்னே தாவும் கால் எப்போது கிளம்புகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

வேலை தேடும்போது, கோல்கீப்பர்களுக்கு மட்டும் தனி ஆள் வைக்க வசதி இல்லாத அணிகளும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். காணொளி அலசலையும், கார்னர், ஃப்ரீகிக் உதைகளைத் தற்காப்பதையும் சேர்த்துக் கற்றவருக்கு இடம் எளிதில் கிடைக்கும். மணிலாவின் பல்கலைக்கழக அணிகள், பள்ளிகள், பாரோடாக் நுவேவோ போன்ற கால்பந்து ஊர்களின் சிறுவர் அணிகள் எல்லாமே நல்ல தொடக்க இடங்கள்.

தலைமைப் பயிற்சியாளராக ஆசைப்பட்டால் தயங்க வேண்டாம். தலைமைப் பயிற்சியாளர்களாகப் பெயர் பெற்ற நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ, ஜூலன் லோபடேகி இருவரும் கோல்கீப்பர்களாக இருந்தவர்கள்தான். ஆனால் அதற்கு, வாரத்தில் ஒரு வகுப்பையாவது கோல் இல்லாத ஆட்டமாக நடத்துங்கள்: 30-க்கு 20 மீட்டர் கட்டம், ஐந்துக்கு ஐந்து பேர், பந்தைக் கைவசம் வைத்திருப்பது மட்டுமே இலக்கு. காப்பாற்ற வலை இல்லாதபோது உங்கள் கண் எங்கே போகிறது, எதற்காக விசில் ஊதுகிறீர்கள் என்பதை அதே நோட்டில் எழுதி வையுங்கள்.